அண்ணன் குரல் இருந்த ஃபோல்டர்

இது நடந்தது நான்கு வருடங்களுக்கு முன், ஹைதராபாத்தில். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் என் அண்ணன் குடும்பம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி நானும் என் கணவரும். அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து இங்கே வந்தவர். நாங்கள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் பக்கம்தான். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது பெரியவர். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டில் அவர் சாதாரணமாகப் பேசினாலே கீழ் வீட்டுக்காரர்கள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது.

குரல்வளையை முழுதாக எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள். இனி மூச்சு அது வழியாகத்தான். பேச்சு வராது. ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் லினக்ஸ்தான். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்குள் அவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிடுவேன். "ஏன் இப்படி நத்தை மாதிரி ஓடுது? லினக்ஸ் போட்டுடறேன், வைரஸ் தொல்லையே இருக்காது" என்று ஆரம்பித்துவிடுவேன். "பிரசங்கம் தொடங்கிருச்சு" என்பார் என் கணவர். அண்ணன் வீட்டு லேப்டாப்பிலும் நான்தான் லினக்ஸ் போட்டிருந்தேன்.

போகிற குரலைப் பதிவு செய்து வைக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். தினமும் சொல்கிற வார்த்தைகளை அவர் குரலிலேயே பேசிப் பதிய வேண்டியது. பிறகு முதல் இரண்டு எழுத்தை அடித்தால் பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் லேப்டாப் அவர் குரலில் பேசும். இந்த ஏற்பாட்டை இரண்டே நாளில் செய்து முடித்தேன்.

அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் என்ன ரேடியோவுல நியூஸ் படிக்கிறவனா? நக்கோ, வேணாம், விடு."

"அண்ணா, நீ எப்பவும் பேசற மாதிரி பேசினா போதும்."

"எப்பவும் பேசற மாதிரின்னா திட்டத்தான் தெரியும் எனக்கு."

"அதையும் பேசு."

அப்படித்தான் தொடங்கினார். தெருவில் ஆட்டோ சத்தம், பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம். படுக்கையறையில் துணி பீரோவைத் திறந்து வைத்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே மைக்கை மாட்டினேன். சத்தம் அதில் அமுங்கும். நாங்கள் யாரும் அறையில் இருக்கக்கூடாது என்றார். கதவை மூடிக்கொண்டு அவர் பேச, நானும் அண்ணியும் வெளியே உட்கார்ந்திருப்போம். "தண்ணி குடு." "கதவுல யாருன்னு பாரு." "வலிக்குது." "வலி இல்ல." "போனைக் கீழ வெச்சிட்டு சாப்பிடு." சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் ஜெபம். தெலுங்கில் கொஞ்சம், ஹிந்தியில் கொஞ்சம். ஆமாம் என்பதற்கு எங்கள் வீட்டில் பாதி நேரம் 'ஹவ்'தான். அந்த 'ஹவ்'வை மட்டும் நாலு விதமாகப் பதிந்தார். சந்தோஷமாக ஒன்று, சலிப்பாக ஒன்று என்று.

கடைசி மூன்று நாட்களும் ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். அந்தப் பதிவுகளை, மற்றக் குரல் பதிவுகள் இருந்த ஃபோல்டருக்குள்ளேயே தனியாக ஒரு ஃபோல்டரில் போடச் சொன்னார்.

"இதை நீ கேக்காதே. அவங்களும் இப்ப கேக்க வேணாம். எப்பன்னு நான் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. அண்ணிக்கும் அவர்கள் மகளுக்கும் எதையோ பேசி வைத்திருக்கிறார் என்று மட்டும் புரிந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. ஒரு நாள் காலையில், சமையலறையில் இருந்த அண்ணிக்குக் கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "காபி ஆச்சா?" அண்ணி கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாராம். அதை எனக்குப் போனில் சொல்லும்போது அழுதார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மறுபடியும் பேச்சு வந்தது. காய்கறி வண்டிக்காரரிடம் பேரம், மகளிடம் அதட்டல் எல்லாம். லேப்டாப்பை மடியிலிருந்து இறக்க மாட்டார். நான் பெருமைப்பட்டேன். கல்லூரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஏன் இதைப் போனிலும் ஏற்றவில்லை என்று கேட்பீர்கள். ஏற்றித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். செய்யவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். லேப்டாப் பழசு. சிஸ்டம் அப்டேட் ஒன்று பாதியில் நின்று, அதற்குப் பிறகு அடிக்கடி உறைந்துபோக ஆரம்பித்தது. பேச வேண்டிய நேரத்தில் திரை அப்படியே நின்றுவிடும். அண்ணன் பொறுமை இழந்து மேஜையைத் தட்டுவார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு உட்கார்ந்தேன்.

அண்ணன் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்: 'எல்லாம் பத்திரமா இருக்குமா?'

"அண்ணா, பதினஞ்சு வருஷமா இதைத்தானே செய்யறேன்" என்றேன். என்னுடைய அந்தத் தொனியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, அவருடைய கோப்புகள் எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்தேன். எடுத்துவிட்டுச் சரிபார்க்கவும் செய்தேன். அந்த வெளி டிஸ்க்கில் குரல் ஃபோல்டரைத் திறந்து ஒரு பதிவை ஓடவிட்டேன். "பால்காரர் வந்துட்டாரா பாரு" என்று அண்ணன் குரல் கேட்டது. அவர் சிரித்தார். சரி என்று தலையாட்டினார். நான் லேப்டாப் டிஸ்க்கை முழுதாக அழித்து, புது சிஸ்டத்தைப் போட ஆரம்பித்தேன்.

என்ன நடந்தது என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன். அதற்கு நாலு மாதம் முன்பு, அண்ணன் மகள் ஏகப்பட்ட சினிமாக்களை இறக்கி வைத்ததில் லேப்டாப்பில் இடம் போதவில்லை. அன்றைக்கு நான்தான் குரல் ஃபோல்டரை டிஸ்க்கின் வேறொரு பகுதிக்கு மாற்றினேன். பழைய இடத்தில் ஒரு சுட்டியை மட்டும் வைத்தேன். பார்க்க ஃபோல்டர் மாதிரியே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. 'இங்கே இல்லை, அங்கே போய்ப் பார்' என்று வழி காட்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. செய்தேன், மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் நகல் எடுத்தது அந்தச் சுட்டியை. குரலை இல்லை. சரிபார்த்தபோது குரல் கேட்டது எப்படி? வெளி டிஸ்க்கில் இருந்த சுட்டி, லேப்டாப்பில் இன்னும் அழியாமல் இருந்த அசலுக்கு வழி காட்டியிருக்கிறது. நான் கேட்டது அசலைத்தான். கேட்டு முடித்து, திருப்தியாக, அந்த அசலை அழித்தேன்.

மதியம் ஒரு மணிக்குப் புது சிஸ்டம் தயாரானது. முதலில் சினிமாக்களைத் திரும்ப ஏற்றினேன். அதுதான் அதிக நேரம் எடுக்கும் என்று. பிறகு குரல் ஃபோல்டர். அதன் மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அது எங்கே வழி காட்டுகிறது என்று பார்த்தேன். காலையில் நானே அழித்த இடத்தைத்தான் அது காட்டியது. அண்ணி உள்ளே மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரே நாற்காலியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு அண்ணா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முடிச்சுத் தரேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அழிந்ததை மீட்க லினக்ஸிலேயே நல்ல கருவிகள் உண்டு. அவற்றை மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் குரல் இருந்த இடத்தின் மேல் புது சிஸ்டமும், அதற்கு மேல் நான் ஆசையாகத் திரும்ப ஏற்றிய சினிமாக்களும் உட்கார்ந்துவிட்டன. பேர் இல்லாமல், எண்கள் மட்டுமாகச் சில துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டேன். "தண்..." என்று வந்து நின்றுவிடும். வெறும் இரைச்சலாக ஒரு நிமிடம் ஓடி, கடைசியில் அவர் இருமுவது மட்டும் கேட்கும்.

அண்ணி இரண்டு நாளும் போன் செய்தார்.

"எப்பம்மா முடியும்? டம்ளரைக் கட்டில்ல தட்டித் தட்டிக் கூப்பிடறாரு. எனக்குக் குளிக்கப் போகவே பயமா இருக்கு. நேத்து கேஸ் சிலிண்டர்காரன் வந்து பெல் அடிச்சிட்டு, யாரும் பதில் சொல்லலைன்னு திரும்பிப் போயிட்டான். இவரு கதவுக்கு இந்தப் பக்கமே நின்னு தாழ்ப்பாளை எடுத்துட்டு இருந்திருக்காரு."

"நாளைக்கு அண்ணி. சின்ன வேலைதான்."

இரண்டு நாளும் இதே பதில். என் குரல் சாதாரணமாகவே இருந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை, ஹப்சிகுடாவில் டிஸ்க் மீட்பு வேலை செய்யும் ஒருவரைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. மேஜை முழுக்கப் பிரித்துப்போட்ட ஹார்ட் டிஸ்க்குகள். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. எங்கள் ஹைதராபாத் ஹிந்தியில் பேசினார். லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, தன்னுடைய லினக்ஸ் மெஷினில் மாட்டி, மதியம் வரை பார்த்தார். அண்ணன் குரல் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஐம்பது ஐம்பத்தைந்து பதிவுகளை முழுசாக எடுத்துக் கொடுத்தார். ஆயிரத்துக்கு மேல் இருந்த இடத்தில் ஐம்பத்தைந்து. தனி ஃபோல்டரில் இருந்த எதுவும் அதில் இல்லை.

"இனி யார்கிட்ட போனாலும் இவ்வளவுதான் வரும். ஏமாற வேண்டாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "பாய் எப்ப இறந்துபோனார்?" என்று கேட்டார். அண்ணனைத்தான் அப்படிச் சொன்னார்.

"இறக்கலை. வீட்டுல இருக்கார்."

அவர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இருக்காரா? அவருக்குத் தெரியுமா இது?"

நான் மேஜையில் இருந்த லேப்டாப்பை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தேன்.

"அப்ப இங்க கைக்கு உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். 'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று அர்த்தம். "இந்த டிஸ்க்குல இனிமே ஒண்ணும் இல்ல. இதுக்காக அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. முதல்ல போய் அவர்கிட்ட சொல்லுங்க."

திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. டிஸ்க்கை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையை எடுத்தார். அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். சுட்டி, நகல் என்று விளக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "அழிச்சிட்டேன் அண்ணா. என் தப்பு. ஞாயித்துக்கிழமையே தெரியும்" என்றேன்.

அண்ணன் எழுந்தார். வாயைத் திறந்தார். என்னைத் திட்டினார். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. அதை மூடியிருந்த துணி எழுந்து எழுந்து விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும் உதட்டில் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவரிடம் வாங்கிய திட்டுகள்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கத்தட்டும் என்றிருந்தது. கத்த முடியவில்லை. மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மகள் என்னைப் பார்த்து, "அத்தை, செக் சேசாவு கதா?" என்றாள். சரிபார்த்தாயே என்கிறாள். தமிழ் புரியும், வாயில் தெலுங்குதான் வரும் அவளுக்கு. டாடி குரல் ஓடியதைத் தானும் கேட்டதாகத் தெலுங்கிலேயே சொன்னாள். அதற்கு என்னிடம் விளக்கம் இருந்தது. அதைக் கேட்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது? அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை.

அண்ணி சமையலறைக்குள் போனார். ரொம்ப நேரம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் நோட்டை எடுத்து எழுதினார்: 'தனி ஃபோல்டர்?'

"அதுவும் போச்சு."

அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை, என் முகத்திலேயே தெரிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். நான் போகிறவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மிஞ்சிய ஐம்பத்தைந்தைப் போனிலும், பென் டிரைவிலும், இன்னும் மூன்று இடங்களிலும் போட்டுக் கொடுத்தேன். மற்றதற்கெல்லாம் லேப்டாப்பின் இயந்திரக் குரல்தான். தமிழைக் கடித்துத் துப்புகிற மாதிரி பேசும். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணன் அதை நிறுத்திவிட்டார். எழுதிக் காட்டுவதே போதும் என்று இருந்துவிட்டார். அந்த வீடு அமைதியாகிவிட்டது. கீழ் வீட்டுக்காரம்மா ஒரு நாள் படியில் என்னை நிறுத்தி, அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒரு தடவை, அண்ணி இல்லாத நேரத்தில், தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்தத் தனி ஃபோல்டர்ல இருந்ததை எழுதியாவது வெக்கலாமா அண்ணா? நீ எழுத எழுத நான் டைப் பண்றேன்."

நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: 'அது அன்னிக்கு வந்தது. குரல் போகப்போகுதுன்னு தெரிஞ்சு பேசினது. இப்ப வராது. விடு.'

விட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை, அவர் எழுதவும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போனில் மெசேஜ் வந்தது. 'பிரின்டர் வேலை செய்யலை. வந்து பார்.' போனேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொரு கட்டளையையும் சத்தமாகப் படித்து, அது என்ன செய்யும் என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் எண்டர் அடித்தேன். அரை நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. வேறு யாரையும் கூப்பிட ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். மன்னிப்பாகவும் இருக்கலாம். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி எழுதிக் காட்டினார். சாப்பிட்டேன்.

அடுத்த வருட முடிவில் நோய் நுரையீரலுக்குப் பரவியது. மூன்றே மாதம். கடைசி நாட்களில் எழுதவும் கையில் தெம்பில்லை. அண்ணி அவர் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அடக்கம் முடிந்து வந்த மறுநாள், அண்ணன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, அந்த ஃபோல்டரில் எனக்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று, அவள் வாயிலிருந்து நான் கேட்டேயிராத சுத்தமான தமிழில் கேட்டாள். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல. எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை. யாருக்கும் தெரியாது.

இப்போதும் லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதை அது சொன்னபடி செய்தது. என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன். நகல் எடுத்தால், அதை வேறு ஒரு மெஷினில் போட்டுத் திறந்து பாருங்கள், அப்புறம் அசலைத் தொடுங்கள் என்று. ஏன் என்று கேட்டால், என் அண்ணனுக்கு நடந்தது என்று மட்டும் சொல்வேன்.

ஆனால் வகுப்பில் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சுட்டியை ஃபோல்டர் என்று நம்பியது தவறு. யாருக்கும் நேரலாம். அந்தத் தவறைச் செய்தவள் நான்தான் என்பதை ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஞாயிறு மதியத்திலிருந்து புதன் வரை எல்லாம் தெரிந்துகொண்டே, "நாளைக்கு, சின்ன வேலைதான்" என்று சொல்லி, மிச்சமிருந்த நாட்களே கொஞ்சமாக இருந்த ஒரு மனிதரைக் காத்திருக்க வைத்தவளும் நான்தான் என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.